தலை குனிந்த வரிசை

சுரங்கத்தின் சங்கு ஊதியதும் ஜெயகரன் எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்தான். வேப்பங்குச்சியால் பல் விளக்கினான். பழைய சோற்றைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். கண்ணாடி இல்லாமலே சவரம் செய்துகொண்டான். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி மனைவி எஸ்தருடையது. அது துணி சுற்றி அலமாரியின் மேல் கிடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ‘துப்பு விசாரிக்கப்படும்’ என்ற பலகையை ஆணியில் தொங்கவிட்டான்.

எஸ்தர் பிளேக் நோயில் இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. தங்கத் திருட்டைப் பிடிக்கும் காவல் உத்தியோகத்தை அந்த மாதமே விட்டுவிட்டான். பி.ஏ. படித்தவன் பலகை மாட்டிப் பிழைப்பதைப் பார்த்து சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் கேம்பே சிரித்தது. அதுவும் பழகிவிட்டது.

"சார், காலங்காத்தால ஒரு ஆள் வந்தான்" என்றபடி சம்பங்கி வந்து சேர்ந்தான். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓட்டிக்கொண்டிருந்தவன். மேலதிகாரி ஒருவரைப் பாதி வழியில் தொங்கவிட்டுக் கதை சொன்னதால் வேலை போயிற்று. இப்போது ஜெயகரனின் உதவியாள். "காணாமப் போன கழுதையக் கண்டுபிடிக்கணுமாம். எங்ககிட்ட ஏற்கெனவே ஒண்ணு கீது, வேணும்னா இஸ்துகினு போன்னு என்னையே காட்டிட்டேன்."

"போனானா?"

"பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு வேணாம்னுட்டான் சார்."

அவனுக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, கையில் மடித்த குடை. ஜெயகரனுக்குத் தெரிந்த முகம்தான். பாறை இடிக்கும் ஸ்டாம்ப் மில்லின் மேஸ்திரி ஏனோக்கின் மனைவி நேசமணி. ஏனோக் திருச்சபையின் மூப்பர். எஸ்தரின் அடக்கத்தின்போது ஜெபம் செய்தவர்.

"தம்பி, இங்க வந்தது அவருக்குத் தெரியக் கூடாது" என்றாள் நேசமணி.

"தெரியாது. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. "டேசன் பக்கத்துல பயாஸ்கோப் கூடாரம் போட்டிருக்காங்களே, அதுல ஓட்டற படத்துல எங்க பொண்ணு ஐடா வரா."

ஐடாவின் கதை கேம்ப் முழுக்க அறிந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன் இதே கூடாரம் வந்தபோது, பதினேழு வயதில், அதன் பின்னால் போய்விட்டாள். மூப்பர் வீட்டுப் பெண் கூத்தாடப் போனாள் என்று ஊர் பேசியது. அந்த வீட்டில் இனி அவள் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று ஏனோக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சபையும் அப்படியே நடந்துகொண்டது.

"போன கோடைல குத்திங்கற ஊர்ல காலரா வந்து போயிட்டாளாம். கூடாரக்காரர்தான் சொன்னார்." நேசமணியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "படத்துல ஒரு குடிசை வாசல்ல நிக்கிறா. புருஷன் சண்டைக்குப் போறான். இவ வாயத் தொறந்து இன்னமோ சொல்றா. கூடாரக்காரர் பக்கத்துல நின்னு, ‘போய் வாருங்கள் நாதா’ன்னு கத்தறார். அது இல்ல தம்பி. அவர் சொல்றது குட்டியா இருக்குது. அவ சொல்றது நீளம். அவர் நிறுத்தின பெறகும் அவ வாய் அசைஞ்சுகினே இருக்குது."

"நடிக்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்க" என்றான் ஜெயகரன்.

"அப்படின்னா எதுக்கு எல்லாரும் என்னைப் பார்த்து மூஞ்சியத் திருப்பிக்கறாங்க? கேம்புல பாதிப் பேருக்கு அவ சொன்னது இன்னான்னு தெரியுது. எனக்கு மட்டும் தெரியல. கேட்டா, குடையால மூஞ்சிய மறைச்சுகினு போறாங்க." அவள் சற்று நிறுத்தினாள். "எங்களைத் திட்டினாளோ? சாபம் வுட்டாளோ? எதுவானாலும் பரவால்ல. அவ வாயிலருந்து வந்த கடைசிச் சொல்லு, எனக்கு வேணும். ஞாயித்துக்கெழம காலைல கூடாரத்தைப் பிரிக்கறாங்க."

அன்று வெள்ளிக்கிழமை.

எஸ்தர் இறந்த மறுநாள் பிளேக் முகாமிலிருந்து ஒரு தாதி ஜெயகரனைத் தேடி வந்தாள். உங்கள் மனைவி கடைசியாக ஒன்று சொன்னார்கள், சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கதவைச் சாத்தினான். அந்தத் தாதியின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

"பார்க்கிறேன்" என்றான்.

*

கூடாரத்துச் சொந்தக்காரர் பெருமாள் மதிய வெயிலில் பனியனோடு உட்கார்ந்து, பட்டை பட்டையாகப் படச்சுருளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐடாவா? சாவறதுல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது சார். மொதப் படத்துல கெணத்துல வுழுந்து செத்தா. ரெண்டாவதுல புலி. மூணாவதுல மாமியார் கொடுமை."

"புலியும் மாமியாரும் ஒரே ஆளா?" என்றான் சம்பங்கி.

"ஒரே ஆள்தான். தோலை மட்டும் மாத்திக்குவான்." பெருமாள் சிரிக்காமல் சொன்னார். "அவ வரதுக்கு முன்னால பொம்பள வேஷமெல்லாம் மீசையை மழிச்ச ஆம்பளைங்கதான். இவ டிக்கெட் கிழிக்கறதுக்குத்தான் வந்தா. ஒருநாள் ஷூட்டிங் நடக்கறப்ப, ‘அண்ணா, அவர் குடத்தைப் புள்ளையத் தூக்கறாப்ல தூக்கறார், குடத்தைக் குடமாத் தூக்கச் சொல்லுங்க’ன்னா. நீயே தூக்கிக் காட்டுன்னேன். அப்புறம் வேற ஆளைத் தேடல. நாலு படம். நாலையும் சேத்து ஓட்டினா ஒரு வெத்தல போட்டுத் துப்பற நேரம்தான் வரும். ஆனா கர்னூல்ல ஜனம் எழுந்து நின்னு அழுதிச்சு சார்."

"கடைசிப் படத்தில் அவள் என்ன சொல்கிறாள்?"

"நான் சொல்லிக் குடுத்தது, ‘போய் வாருங்கள் நாதா.’ அவ இன்னா சொன்னாளோ! சத்தந்தான் பதியாதே. ராஜா வேஷம் போடறவன் வசனம் மறந்துட்டா மளிகைச் சாமான் பேரைச் சொல்லிகினு போவான். பாக்கறவனுக்கு வீராவேசமாத் தெரியும்."

"எடுத்த அன்று வேறே ஏதாவது பேசினாளா?"

பெருமாள் துடைப்பதை நிறுத்தினார். "ஒண்ணு கேட்டா. பூதிகோட்டைப் பக்கத்துல ஒரு குடிசைல எடுத்தோம். மிஷின் சுத்தறதுக்கு முந்தி, ‘அண்ணா, இந்தப் படம் சாம்பியன் ரீப்ஸுக்கு வருமா?’ன்னா. கண்டிப்பா வரும்னேன். சரி, சுத்துங்கன்னா."

"அது எப்போது?"

"கிறிஸ்மஸ் கழிச்சு மறு வாரம். கிறிஸ்மஸுக்கு பவுரிங்பேட்டைல ஆட்டம். முந்தின நாள் சாயங்காலம் லீவு கேட்டா. பலகாரமெல்லாம் வாங்கிக் கட்டிகினு ரயிலேறிப் போனா. விடியறதுக்குள்ள நடந்தே திரும்பி வந்துட்டா. கட்டின பலகாரம் கட்டினபடி கைல இருந்திச்சு. நான் ஒண்ணும் கேக்கல சார்."

வெளியே வந்ததும் சம்பங்கி, "பவுரிங்பேட்டைலருந்து ரயிலேறினா நம்ம ஊர்தானே சார்" என்றான்.

ஜெயகரன் சாயங்கால ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான்.

*

அன்று சாயங்கால ஆட்டத்துக்குக் கூடாரம் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. ஜெயகரன் திரையின் ஓரத்தில் போய் நின்றான். கூட்டத்தைப் பார்த்து நின்றான்.

"துட்டுக் குடுத்து உள்ள வந்து படத்துக்கு முதுகைக் காட்டற மொத ஆளு நீங்கதான் சார்."

"படம் எல்லாருக்கும் ஒன்றுதான், சம்பங்கி. பார்க்கிற முகம்தான் வேறே."

திரையின் வெளிச்சம் முகங்களில் ஆடிற்று. பெருமாள் ஒரு கையால் மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே தொண்டை கிழியக் கதை சொன்னார். குடிசை வாசலில் ஐடா தோன்றினாள் என்பதைப் பெண்கள் பக்கத்து முணுமுணுப்பிலிருந்தே ஜெயகரன் தெரிந்துகொண்டான். "போய் வாருங்கள் நாதா!" என்று பெருமாள் கத்தினார்.

கூட்டம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. இடதுபக்கம் ஒரு வரிசை மட்டும் பார்க்கவில்லை. அத்தனை பேரும், யாரோ அதட்டினாற்போல ஒரே சமயத்தில் தலை குனிந்தார்கள். அடுத்து படத்தில் நூலில் கட்டிய பாம்பு இழுபட்டு வந்தது. கூடாரமே சிரித்தது. அந்த வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை.

"அவங்க யார்?"

சம்பங்கி எட்டிப் பார்த்தான். "மில்லு கும்பல் சார். தங்கவேலு, அவன் கூட்டாளிங்க. ராத்திரி பகல்னு ஸ்டாம்ப் மில்லுல கெடக்கறவங்க. சாதாரணமா சிரிச்சா அடக்க முடியாது. இன்னிக்கு இன்னா, பாவமன்னிப்புக்கு வந்தாப்ல குந்திகினு இருக்கறானுங்க?"

அந்த வரிசைக்குப் பின்னால், கூடாரக் கம்பத்தின் நிழலில், ஓர் உருவம் வாசல் பக்கம் திரும்பி வெளியேறியது. உயரமான ஆள். மூப்பர்களுக்கே உரிய நீளக் கோட்டு.

*

மறுநாள் காலையில் இருவரும் ஸ்டாம்ப் மில்லுக்குப் போனார்கள். பாறையை மாவாக இடிக்கும் இரும்பு உலக்கைகள் வரிசை வரிசையாக எழுந்து விழுந்துகொண்டிருந்தன. உள்ளே கால் வைத்ததும் ஜெயகரனுக்குக் காது அடைத்துவிட்டது. நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. மறுகோடியில் தங்கவேலு நின்றிருந்தான். வட்ட முகம். சம்பங்கி ஜெயகரனின் தோளருகே குனிந்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

தங்கவேலு கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டான். நேரே வந்தான். சம்பங்கியின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான். சத்தம் குறைந்த இடம் வந்ததும் கேட்டான்:

"யாருடா பரங்கிக்கா மூஞ்சி?"

சம்பங்கி விழித்தான். "மச்சான்... நான் சொன்னது சார் காதுக்கே கேக்கலியே!"

"காதுக்கு இன்னாடா வேலை இங்க? பத்து வருசமா வாயப் பாத்துதானே பொழைக்கிறோம். நீ அந்தக் கோடில நின்னு ஜெபம் பண்ணாலும் எனக்குத் தெரியும்."

"நீ வேற, நான் ஜெபம் பண்ணதே இல்ல."

ஜெயகரன் குறுக்கிட்டான். "தங்கவேலு, ஐடா சின்ன வயதில் இங்கே வருவாளா?"

தங்கவேலுவின் கை சம்பங்கியின் சட்டையிலிருந்து நழுவியது.

"மேஸ்திரிக்கு சோறு கொண்டாரும் சார். உள்ள வர உத்தரவு இல்ல. வாசக்கால்ல நின்னுகினு, வாயாலயே பேசும். இன்னா கொழம்பு, யார் வூட்ல சண்டை, எல்லாம். எங்களுக்கும் வம்பு சொல்லும். இந்த மில்லுல பொறந்தாப்ல பேசும்." அவன் தரையைப் பார்த்தான். "படத்துலயும் வாசக்கால்ல நிக்குது சார். அதே நிப்பு. எங்க பேச்சு பேசுது."

"என்ன சொல்கிறாள்?"

"அது எங்களுக்குச் சொன்னது இல்ல."

"அவள் அம்மா கேட்கிறாள்."

"தெரியும் சார். எங்களையும் கேட்டாங்க. மூஞ்சியத் திருப்பிகினு வந்துட்டோம்." அவன் குரல் அடங்கியது. "அது மேஸ்திரிக்குச் சொன்னது. அவர்தான் சொல்லணும். நாங்க சொல்லிட்டா அப்புறம் அந்த மனுசன் எப்படித் தலை நிமிந்து வேலைக்கு வருவாரு? தெனம் கம்பத்துக்குப் பின்னால நின்னு பாக்கறாரு. தெனம் சொல்லாமப் போறாரு. அஞ்சு நாளா உள்ள ஒருத்தன் ஒருத்தனோட பேசறதில்ல சார். வாயத் தொறந்தா அதுதான் வந்துடும்போல கீது."

ஜெயகரன் மில்லின் வாசலைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே அத்தனை பேரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

துப்பு கிடைத்தால் எப்போதும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சொடுக்கு விழும். இன்று விழவில்லை. பிறர் வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டவனைப் போலக் கூசியது.

திரும்பும் வழியில் நேசமணியைக் குழாயடியில் பார்த்தார்கள்.

"போன கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி எங்கே இருந்தீங்க?" என்றான் ஜெயகரன்.

"கோயில்லதான். விடிய விடிய ஆராதனை. நீங்ககூட கடைசி பெஞ்சுல இருந்தீங்களே."

"மேஸ்திரி?"

"காய்ச்சல்னு வூட்டுல படுத்துட்டார். ஏன்?"

"ஐடா எப்போதாவது வந்தாளா?"

"வந்திருந்தா நான் வுட்டிருப்பேனா தம்பி?" என்றாள் நேசமணி. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

"அப்ப அன்னிக்கு ராத்திரி வூட்ல இருந்தது மேஸ்திரி மட்டுந்தான் சார்" என்றான் சம்பங்கி.

*

சனிக்கிழமைச் சாயங்காலம். கடைசி ஆட்டம்.

கம்பத்தின் பின்னால் ஏனோக் நின்றுகொண்டிருந்தார். ஜெயகரன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஏனோக் திரும்பிப் பார்த்தார். கண்கள் குழி விழுந்திருந்தன. "நீங்க மில்லுல வேலை செஞ்சதில்லையே, தம்பி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றான் ஜெயகரன். "அவள் கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி வந்ததும், கையில் பலகாரத்தோடு திரும்பிப் போனதும் தெரியும். படத்தில் சொன்னது தெரியாது. தெரிந்தவங்க சொல்லவும் மாட்டாங்க. உங்களுக்காகக் காத்திருக்காங்க."

"சபைக்கு நான் மூப்பர். ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்றவன். அன்னைக்குக் கதவத் தொறந்திருந்தா..." ஏனோக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "நேசமணி முகத்தைப் பாத்து எப்படி தம்பி சொல்றது?"

"எனக்குச் சொல்ல ஒருத்தங்க வந்தாங்க, ஐயா. நான் கேட்டுக்கலை. கேட்காமல் இருக்கிறது அதைவிடக் கஷ்டம்."

ஏனோக் நீளக் கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

நேசமணி பெண்கள் பக்கத்தில் கயிற்றை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கயிற்றுக்கு இந்தப்புறம் மில் வரிசை. அந்த இடத்தைப் பிடித்து வைத்தவன் சம்பங்கி. அதற்காக மூன்று பெண்களிடம் ஏச்சு வாங்கியிருந்தான். பெருமாளிடமும் அவனே பேசிவிட்டு வந்தான்.

"இன்னிக்கு அந்த எடத்துல மட்டும் கத்தாதீங்கன்னு சொன்னேன் சார். சரின்னுட்டார். கொஞ்சம் மெதுவாவும் சுத்தறேன்னார்."

படம் ஓடியது. புருஷன் வாளைச் சுழற்றினான். குடிசையிலிருந்து ஐடா வந்தாள். ஜெயகரன் முதன்முறையாகத் திரையைப் பார்த்தான். மெலிந்த பெண். ஒரு கை வாசக்காலில். புருஷன் வேடக்காரனை அவள் பார்க்கவே இல்லை. படம் பிடிக்கும் பெட்டிக்கும் அப்பால், தொலைவில் இரைச்சலுக்கு நடுவே நிற்கும் ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உதடுகளை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.

பெருமாள் கத்தவில்லை. கைப்பிடி சுற்றும் கடகடப்பு மட்டும் கேட்டது.

மில் வரிசை இன்று குனியவில்லை. அத்தனை தலைகளும் கம்பத்தின் பக்கம் திரும்பின.

ஏனோக் நிழலிலிருந்து வந்தார். வரிசையைக் கடந்து, கயிற்றருகே போய், மனைவியின் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. முப்பது வருஷ மில் பழக்கம். தங்கவேலு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கு அது படிக்கத் தெரியாதுங்க" என்றாள் நேசமணி. "சத்தமாச் சொல்லுங்க. திட்டினாளா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

பின்னால் திரையில் நூலில் பாம்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஏனோக் கூடாரம் முழுவதற்கும் கேட்கும்படி, உலக்கைச் சத்தத்தை மீறிப் பேசுகிறவரைப் போல உரக்க, மகள் சொன்னதைச் சொன்னார்:

"அப்பா, கதவத் தொறக்க வேணாம். நான் வந்துட்டுப் போனேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லுப்பா."